குதிரைக் கண்ணும் வெள்ளைத் தட்டும்

உப்புக்கும் மண்ணுக்கும் நம் வீடுகளில் ஜன்மப் பகை. உப்புப் போட்டு வைத்த மண்பானை நாலைந்து மழைக்காலம் தாங்கினால் அதிகம். முதலில் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூக்கும். பிறகு பொருக்கு விடும். ஒருநாள் தூக்கப் போனால் விளிம்பு கையோடு வந்துவிடும். அதனால்தான் நம் பாட்டிமார் கல்லுப்பை மரவையிலோ பீங்கான் ஜாடியிலோ போட்டு வைத்தார்கள். அப்படியிருக்க, இங்கிலாந்தில் ஒரு காலத்தில் எரிகிற சூளைக்குள் உப்பை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள், அந்த உப்பினாலேயே மண்பாண்டத்துக்கு மெருகு ஏற்றினார்கள், அந்தப் பாண்டத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் தேநீர் அருந்தினார்கள் என்றால் கேட்பதற்குக் கதை மாதிரிதான் இருக்கிறது.

கதையல்ல. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அந்தப் பாண்டங்களை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளை என்றால் பால் வெள்ளை அல்ல. தும்பைப் பூ வெள்ளையும் அல்ல. ஊற வைத்துத் தோலுரித்த பாதாம் பருப்பின் வெள்ளை. கிட்டப் போய்ப் பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் நாரத்தங்காய்த் தோல்போல நுண்ணிய புள்ளிக் குழிகள். தட்டுகளின் விளிம்பில் கூடைப் பின்னல், கோதுமை மணி, வலைக்கண் என்று சித்திர வேலை. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவு. தேநீர்க் கெண்டிகளில்தான் எத்தனை விளையாட்டு! ஒரு கெண்டி வீடு மாதிரி, ஜன்னலும் கதவுமாக. ஒன்று சிப்பி மாதிரி. இன்னொன்று கால் மடக்கிப் படுத்த ஒட்டகம். அதைச் செய்தவன் ஒட்டகத்தை நேரில் பார்த்திருக்க மாட்டான் என்பது அதன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது; வாங்கியவனும் பார்த்திருக்க மாட்டான். ஆகவே இருவருக்கும் பூரண திருப்தி.

இந்தச் சாமான்கள் செய்யப்பட்டது பெரும்பாலும் 1720ஆம் ஆண்டை ஒட்டி ஆரம்பித்து 1780 வரை. ஊர், ஸ்டாஃபர்ட்ஷயரில் பர்ஸ்லமும் அதைச் சுற்றிய கிராமங்களும். அறுபது வருஷக் கூத்து. ஒரு மனிதனின் ஆயுளுக்குள் ஆரம்பித்து உச்சிக்குப் போய் அடங்கியும் விட்டது.

விஷயம் என்னவென்றால், நம் ஊர்ப் பானை தண்ணீர் குடிக்கும். குடிப்பதனால்தான் அதில் வைத்த தண்ணீர் குளிர்கிறது. ஆனால் தேநீருக்கும் குழம்புக்கும் அது உதவாது. மண்ணைத் தேர்ந்தெடுத்து, 1,200 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே சூடேற்றினால் அதிலுள்ள மணல் சத்து பாதி உருகி, மீதியைப் பற்றிக்கொண்டு, ஆறும்போது கல்லாக இறுகிவிடும். அதைத்தான் ஸ்டோன்வேர் என்கிறார்கள். கற்பாண்டம் என்று நாம் சொல்லலாம். நம் வீட்டு ஊறுகாய் ஜாடி, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக இருக்கிறதே, அதுவும் இந்த ஜாதிதான்; அதன் மேற்பூச்சு மட்டும் வேறு.

அந்தச் சூடு உச்சத்தில் இருக்கும்போது சூளையின் மேற்புறத்துத் துவாரங்கள் வழியாக உப்பைப் போடுவார்கள். சூளையைச் சுற்றிச் சாரம் கட்டி, ஆட்கள் மேலே நின்று கரண்டி கரண்டியாகக் கொட்டுவார்கள். உப்பு விழுந்த மாத்திரத்தில் ஆவியாகிறது. உப்பில் இருக்கும் சோடியம் பிரிந்து, பாண்டத்தின் மேலுள்ள மணல் சத்தோடும் களிமண் சத்தோடும் சேர்ந்து கண்ணாடியாகப் படிகிறது. மிச்சம் அமிலப் புகையாகப் போகிறது. புகையிலிருந்தும் சாம்பலிலிருந்தும் காப்பதற்காகப் பாண்டங்களை மண்பெட்டிகளுக்குள் வைத்துத்தான் அடுக்குவார்கள். ஆனால் உப்பாவி உள்ளே போக வேண்டுமே, அதற்காக அந்தப் பெட்டிகளில் ஓட்டை போட்டிருப்பார்கள். மற்ற மெருகையெல்லாம் மனிதன் கையால் பூசுகிறான், தோய்க்கிறான். இதை மட்டும் யாரும் பூசுவதில்லை. பனி படிவது மாதிரி அதுவாகப் படிகிறது. அதனால்தான் விளிம்பிலுள்ள கோதுமை மணிகள் அவ்வளவு துல்லியம். ஈயத்தைச் சேர்த்துப் பூசும் மெருகு பாகு மாதிரி பள்ளங்களில் தேங்கிவிடும். சித்திரம் மழுங்கிப் போகும். இது மெல்லிய சல்லாத் துணி போர்த்தியதுபோல் உள்ளதை உள்ளபடி காட்டும்.

பர்ஸ்லத்தில் சனிக்கிழமை காலைகளில் உப்புப் போடுவது வழக்கம். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை ஊர் முழுவதும் வெண்புகை சூழ்ந்துகொள்ளுமாம். தெருவில் எதிரே வருகிறவன் மேல் முட்டிக்கொள்வார்களாம். வழிப்போக்கர்கள் பாதை தவறிப் போவார்களாம். எரிமலைப் புகை மாதிரி இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சென்றதாகப் பழைய வரலாற்றில் எழுதியிருக்கிறது. புகை என்றாலும் வெறும் புகையா அது? அமிலம். அதைச் சுவாசித்துக்கொண்டுதான் குழந்தைகள் சனிக்கிழமை விடுமுறையைக் கழித்திருக்கும், விடுமுறை என்று ஒன்று அவர்களுக்கு இருந்திருந்தால்.

அந்தப் பழைய வரலாறு 1829இல் சைமியன் ஷா என்பவர் எழுதியது. ஸ்டாஃபர்ட்ஷயர்க் குயவர்களைப் பற்றி, அவர்களில் கிழவர்கள் சொல்லக் கேட்டதையெல்லாம் தொகுத்திருக்கிறார். நான் கதை எழுதிப் பிழைப்பவன். ஆகவே அவர் சொல்லும் கதைகளில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. மூன்று கதைகள் முக்கியமானவை.

முதல் கதை உப்பு மெருகு பிறந்த கதை. ஒரு பண்ணை வீட்டில், 1680ஆம் ஆண்டு வாக்கில், பன்றி இறைச்சியை ஊறப்போட வேலைக்காரி உப்புநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எங்கேயோ போய்விட்டாள். உப்புநீர் பொங்கி வழிந்தது. மண்பாத்திரம் செக்கச்செவேலென்று காய்ந்து, ஆறிய பிறகு பார்த்தால் வெளிப்புறம் பளபளவென்று மெருகேறியிருந்தது. பக்கத்திலிருந்த குயவன் ஒருவன் அதைப் பார்த்தான், பிடித்துக்கொண்டான். நல்ல கதை. ஆனால் அடுப்படிச் சூட்டில் உப்பு இந்த வேலையைச் செய்யாது. குயவனின் சூளை வேண்டும். அது மட்டுமல்ல. ஜெர்மனியில் ரைன் நதிக் கரையில் இந்த வித்தை அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரியும். அங்கிருந்து தாடிக்கார முகம் பொறித்த பழுப்பு நிற ஜாடிகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்தன. இங்கிலாந்திலேயே, ஃபுல்ஹம் என்ற ஊரில் ஜான் டுவைட் என்பவர் 1672இல் இந்த மாதிரிக் கற்பாண்டம் செய்ய அரசனிடம் உரிமைச் சாசனம் வாங்கிவிட்டார். வேலைக்காரி உப்புநீரைப் பொங்கவிட்டதற்கு எட்டு வருஷம் முன்பே!

இரண்டாவது கதை, இரண்டு அந்நியர்களைப் பற்றியது. ஈலர்ஸ் சகோதரர்கள் என்று இருவர் 1690களில் ஸ்டாஃபர்ட்ஷயருக்கு வந்து, பிராட்வெல் வுட் என்ற இடத்தில் சிவப்புக் கற்பாண்டத்தில் மெல்லிய தேநீர்க் கெண்டிகள் செய்தார்கள். தொழில் ரகசியம் வெளியே போகாமலிருக்க மந்தபுத்திக்காரர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார்களாம். ஆஸ்ட்பரி என்ற கெட்டிக்காரன் தானும் அசடு மாதிரி நடித்து, அடியும் உதையும் வாங்கிக்கொண்டு உள்ளே இருந்து, ரகசியம் முழுவதையும் கற்று வெளியே வந்தானாம். இதில் எவ்வளவு நிஜம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையே இல்லை. அவ்வளவு நல்ல பாத்திரப் படைப்பு.

மூன்றாவது கதைதான் என்னைத் தூங்க விடாதது. அதே ஆஸ்ட்பரிதான் கதாநாயகன். சிலர் வேறொருவன் பெயரைச் சொல்கிறார்கள். அவன் குதிரையேறி லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தான். வழியில் டன்ஸ்டபிள் என்ற ஊரில் குதிரைக்குக் கண்ணில் நோவு. சத்திரத்துக் குதிரைக்காரன் ஒரு சிக்கிமுக்கிக் கல்லை எடுத்து நெருப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சினான். கறுப்புக் கல் வெளுத்துப் போயிற்று. அதைப் பொடி செய்து குதிரையின் கண்ணில் ஊதினான். கண்ணுக்கு குணம் தெரிந்தது. ஆஸ்ட்பரி குதிரையின் கண்ணைப் பார்க்கவில்லை, பொடியைப் பார்த்தான். இத்தனை வெள்ளையா! இதைக் களிமண்ணில் கலந்தால் என்ன?

கலந்தார்கள். உண்மையாகவே அதுதான் நடந்தது. குதிரை நடுவில் இருந்ததோ இல்லையோ. அதற்கு முன் ஸ்டாஃபர்ட்ஷயரின் உப்பு மெருகுச் சாமான்கள் பழுப்பும் சாம்பலுமாகத்தான் இருந்தன. சீனத்துப் பீங்கான் கப்பலில் வந்து இறங்க இறங்க, இங்கிலாந்தில் யாரைப் பார்த்தாலும் வெள்ளை, வெள்ளை என்று ஒரே மோகம். தேயிலை வேறு வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. கறுத்த ஜாடியில் சாராயம் ஊற்றிக் குடிக்கலாம், தேநீரை விருந்தாளிக்குக் கொடுக்க முடியுமா? டெவன், டார்செட் கரையிலிருந்து வெள்ளைக் களிமண் வந்தது. தென் கிழக்குக் கரையிலிருந்து சிக்கிமுக்கிக் கல் வந்தது. கப்பலில் வந்து, பிறகு படகில் ஏறி, கடைசியில் பொதிக்குதிரை முதுகில் பர்ஸ்லத்துக்கு வந்து சேரும். உப்பு பக்கத்து செஷயரிலிருந்து. பர்ஸ்லத்துக்குச் சொந்தமாக இருந்தது காலடியில் நிலக்கரி ஒன்றுதான். அதை நம்பித்தான் மற்றதெல்லாம் அங்கே வந்து குவிந்தது. (அந்த உப்புக்கும் வரி உண்டு. 1694இலிருந்து, நடுவில் சிறிது காலம் நீங்கலாக, 1825 வரை இங்கிலாந்துக்காரன் தன் ஜனங்களிடமே உப்பு வரி வாங்கினான். பிறகு தன் தேசத்தில் எடுத்துவிட்டான்; நம் தேசத்தில் எடுக்க மனம் வரவில்லை. வேதாரண்யத்தில் உப்பு அள்ளி அடிபட்டவர்களுக்கு மிச்சக் கதை தெரியும்.)

சிக்கிமுக்கிக் கல் களிமண்ணை வெளுக்கச் செய்ததோடு நிற்கவில்லை. சூட்டில் பாண்டம் கோணாமலும் பார்த்துக்கொண்டது. உப்பாவி பற்றிக்கொள்ள மணல் சத்தையும் கொடுத்தது. ஒரே கல்லில் மூன்று மாங்காய். ஆனால் கல்லைப் பொடி செய்ய வேண்டுமே! பழுக்கக் காய்ச்சிய கல்லை ஆட்கள் உரலில் இடிப்பதுபோல இடித்தார்கள், சல்லடையில் சலித்தார்கள். மூடிய கொட்டகைக்குள், உலர்ந்த பொடியாக. வெள்ளைத் தூசு கண்ணுக்கும் மூக்கிற்கும் தலைமயிருக்கும் ஏறி, நெல் மில் ஆட்கள்போல் வெளுத்து நின்றிருப்பார்கள். ஆனால் தவிட்டுத் தூசு வேறு, இது வேறு. இது கல். நுரையீரலுக்குள் போனால் கரையாது, வெளியேயும் வராது. அது போய் உட்கார்ந்த இடமெல்லாம் தழும்பு கட்டி, மூச்சு விடும் சதை நாளடைவில் தேங்காய் நார்போல் இறுகிவிடும். வைத்தியர்கள் சிலிக்கோஸிஸ் என்கிறார்கள். குயவர்கள் அதற்குத் தங்கள் பாஷையில், குயவன் அழுகல் என்ற பொருளில், ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் பிற்காலத்து வைத்தியர்கள் கண்டுபிடித்ததுதானே, அன்றைக்கு யாருக்குத் தெரியும் என்று நினைக்கலாம். தெரிந்திருந்தது. 1726இல் தாமஸ் பென்ஸன் என்பவர் கல்லைத் தண்ணீருக்குள் வைத்து அரைக்கும் யந்திரத்துக்கு உரிமைச் சாசனம் வாங்கினார். எதற்காக இந்த யந்திரம் என்று அதில் காரணம் சொல்லியிருக்கிறார். இந்தத் தொழிலில் இறங்கியவன் எத்தனை திடகாத்திரமாக இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் பிழைத்திருப்பது கஷ்டம், மூச்சோடு உள்ளே போகிற தூசிதான் காரணம், என்பது அதன் சாரம். இரண்டு வருஷம்! ஒரு சர்க்கார் பத்திரத்தில், மன்னனின் முத்திரையோடு, இரண்டு வருஷம் என்று கணக்கு எழுதியிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருஷக்காரர்களில் ஒருவன் பெயரையாவது ஷாவின் புத்தகத்தில் நான் பார்க்கவில்லை. குதிரை இருக்கிறது. குதிரையின் எந்த உறுப்பில் நோய், யார் வைத்தியம் பார்த்தான், எந்த ஊர்ச் சத்திரம் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கதையை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னேன். என் மனைவி பரிமாறுவதை நிறுத்தவில்லை.

“ஏங்க, அந்தப் பொடி குதிரைக்கு மருந்து; மனுஷனுக்கு விஷமா?” என்றாள்.

“குதிரைக்கு ஒரு சிட்டிகைதானே ஊதினான்?” என்றேன்.

“அப்போ கதை எழுதினவங்க அந்தச் சிட்டிகையை மட்டும் எடுத்துக்கிட்டாங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு ரசம் எடுத்துவர உள்ளே போய்விட்டாள். நாற்பது பக்கத்தில் நான் எழுதியும் சொல்ல முடியாததை இவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிற வழக்கம் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

கதை கட்டுகிறவர்களின் பக்கத்தையும் நான் கொஞ்சம் பேச வேண்டும். தற்செயலாக நடந்தது என்று சொல்லும்போது கதைக்கு ஒரு வெளிச்சம் வருகிறது. வேலைக்காரியின் கவனக்குறைவு, குதிரையின் கண்வலி, அசடன் வேஷம் என்று கேட்கிறவன் சிரிக்கிறான், ஞாபகம் வைத்துக்கொள்கிறான். ஜெர்மன்காரன் செய்ததைப் பார்த்து, பத்து வருஷம் மண்ணை மாற்றி மாற்றிச் சுட்டு, நஷ்டப்பட்டு, கடைசியில் வந்தது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? போதாக்குறைக்கு, கடன் வாங்கிய வித்தை என்று ஒப்புக்கொள்ள எந்த ஊருக்குத்தான் பிரியம்? தற்செயலுக்கு யாரும் பாக்கி வைக்க வேண்டியதில்லை. ஜெர்மனிக்கும் இல்லை, கல் இடித்தவனுக்கும் இல்லை.

பென்ஸன் யந்திரம் முதலில் இரும்பால் அரைத்தது. இரும்புக் கறை வெள்ளை மண்ணில் சேர்ந்துவிடவே, 1732இல் கல்லால் அரைக்கும்படி மாற்றி இன்னொரு சாசனம் வாங்கினார். வெள்ளைக்குக் கறை படக்கூடாதென்று ஆறே வருஷத்தில் மாற்றம் வந்துவிட்டது பாருங்கள். ஆற்றங்கரைகளில் நீர்ச்சக்கர ஆலைகள் எழும்பின. செடில்டன் என்ற ஊரில் சர்னட் நதிக்கரை ஆலை இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரில் அரைத்ததனால் அரைக்கும்போது கிளம்பும் தூசு குறைந்தது, உண்மைதான். பென்ஸனுக்குப் புண்ணியம் உண்டு. ஆனால் காய்ந்த பாண்டத்தைத் தேய்க்கும்போதும், தரையில் சிந்திய சேறு உலர்ந்து காலடியில் பொடியாகும்போதும், அதே தூசு மறுபடி எழுந்தது. இருபதாம் நூற்றாண்டு வரை அந்த ஊர்ச் சாவுகளில் அதற்கு ஒரு பங்கு இருந்துகொண்டே வந்தது.

இந்தத் தொழிலில் இறந்துபோன ஒருத்தியின் பெயர் மட்டும், இறந்த தேதியோடு, அழியாமல் இருக்கிறது. அவள் தொழிலாளி அல்ல, குழந்தை. முன்னே சொன்ன ஃபுல்ஹம் ஜான் டுவைட்டின் மகள் லிடியா. 1674 மார்ச் 3ஆம் தேதி, சின்னஞ்சிறு வயதிலேயே செத்துப்போனாள். அவள் தலையணையில் சாய்ந்து, கண் மூடி, கையில் பூச்செண்டுடன் கிடக்கிற கோலத்தை அப்படியே கற்பாண்டத்தில் வடித்து, உப்பு மெருகு ஏற்றி வைத்திருக்கிறார் தகப்பனார். பெயரையும் தேதியையும் பின்புறத்தில் பொறித்திருக்கிறது. அதையும் அதே மியூசியத்தில்தான் பார்த்தேன். தலையில் கட்டிய லேஸ் துணியின் பின்னல், தலையணை மடிப்பு, மூடிய இமையின் வீக்கம் எல்லாம் தெரிகிறது. ஈய மெருகாக இருந்தால் இமையின் ஓரம் பாகில் மூழ்கியிருக்கும். எந்த உப்பு எதற்குப் பயன்பட்டிருக்கிறது! என்னால் அங்கே வெகுநேரம் நிற்க முடியவில்லை. பீர் ஜாடியும் புட்டியும் செய்து விற்ற மனிதர் அவர். தம் உரிமையை மீறியதாக, 1693இல் ஈலர்ஸ் சகோதரர்கள் மேலும் பர்ஸ்லத்து வெட்ஜ்வுட் குடும்பத்தார் சிலர் மேலும் வழக்குப் போட்ட கறார்ப் பேர்வழி. அந்தச் சூளையில், அத்தனை ஜாடிகளுக்கு நடுவே, இதையும் வைத்துச் சுட்டிருக்கிறார்.

பர்ஸ்லத்துக்குத் திரும்புவோம். தட்டுகளைச் சக்கரத்தில் வனைவதில்லை. அச்சில் அழுத்தி எடுத்தார்கள். மூல அச்சைச் செதுக்குகிறவன்தான் அங்கே சிற்பி. ஏரன் வுட் என்பவன் அதில் பெயரெடுத்தவன். 1731இல், பதினாலு வயதில், டாக்டர் தாமஸ் வெட்ஜ்வுட் என்ற குயவரிடம் ஏழு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துச் சேர்ந்தான். கடைசல், கைப்பிடி வைத்தல், சீர்செய்தல் இவற்றைக் கற்றுத் தருவதாக ஒப்பந்தம். சக்கரத்தில் வனைவது நீங்கலாக என்று ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறது. ஆரம்பத்தில் வாரம் ஒரு ஷில்லிங், கடைசி வருஷம் நாலு ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஜோடிப் புதுச் செருப்பு. சேற்றிலேயே நிற்கிற தொழிலுக்குச் செருப்பை யோசித்து எழுதியவர் யாரோ, அவருக்கு நல்ல மனசு. 1740களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு வந்து சேர்ந்தது. குழைத்த மண் கரைசலை அதில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவரோரமாக மண் ஏடு படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். தோசைக் கல்லில் மாவு பிடிப்பது மாதிரி. ஒட்டகமும் வீடும் சிப்பியும் இப்படிப் பிறந்தவைதாம்.

செய்தித்தாளில் வருவதெல்லாம் சாமானில் ஏறியது. 1739இல் தளபதி வெர்னன் போர்ட்டோபெல்லோ துறைமுகத்தைப் பிடித்தான். உடனே குவளைகளில் கோட்டையும் கப்பலும். பிரஷ்ய மன்னன் பிரெடரிக் இங்கிலாந்தின் பக்கம் சண்டை போட்டபோது தட்டின் விளிம்பில் அவனுக்கு வாழ்த்து. அந்த ஏழாண்டு யுத்தத்தின் ஒரு கிளைதான் 1760இல் நம் வந்தவாசியில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கொண்டது. வந்தவாசிக்கு யாரும் தட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

நாளடைவில் வெள்ளை அலுத்துப் போயிற்று. 1750ஐ ஒட்டி, சுட்ட வெள்ளைச் சாமான் மீது எனாமல் வர்ணம் தீட்டி, சிறிய உலையில் மறுபடி இளஞ்சூட்டில் சுட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக சீனப் பெண்மணிகள், ரோஜாக்கள், நாடிழந்த இளவரசன் சார்லியின் முகம். கண்ணைப் பறிக்கும். எனக்கு என்னவோ அவை அலங்காரம் தாங்காத கல்யாணப் பெண் மாதிரி தோன்றுகின்றன. எனக்குப் பிடித்தது வேறு ஜாதி. ஈரம் முழுவதும் காயாத பாண்டத்தின் மேல் கூர்முனையால் பூவும் கொடியும் கீறுவார்கள். கீறலில் கோபால்ட் பொடியைத் தேய்ப்பார்கள். மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டுச் சூளையில் வைத்தால், வெள்ளையில் நீலக் கோடு. ஒரே சூடுதான். கீறுவதற்குப் பெரும்பாலும் பெண்களை வைத்துக்கொண்டார்கள். மார்கழி வாசலில் கோலம் போடுகிற வேகம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. யோசித்து நிறுத்தி வரைந்த கோடு அல்ல. கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் செய்த கிண்ணங்களில் சொந்தக்காரரின் பெயரெழுத்தும் வருஷமும் கீறியிருக்கும்.

பிறகு முடிவு சீக்கிரம் வந்தது. ஜோசையா வெட்ஜ்வுட், அந்த வெட்ஜ்வுட் குடும்பத்துப் பிள்ளை, 1759ஐ ஒட்டித் தம் சோதனைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்: ஊரின் பிரதானச் சரக்கு இந்த வெள்ளைக் கற்பாண்டம்தான், ஆனால் விலையை இறக்கி இறக்கி, இனி அதற்குச் சிரத்தை எடுத்துச் செலவு செய்ய எந்தக் குயவனுக்கும் கட்டுப்படியாகவில்லை என்று. அவர் வேறு வழி பார்த்தார். அதே வெள்ளைக் களிமண், அதே சிக்கிமுக்கிப் பொடி. ஆனால் சூடு குறைவு, மேலே ஈய மெருகு. வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று வந்தது. 1765இல் ராணி சார்லட் வாங்கினாள். ராணிப் பாண்டம் என்று பெயராயிற்று. அதன் மேல் கரண்டி வழுக்கிக்கொண்டு போகும். உப்பு மெருகின் நாரத்தங்காய்த் தோல் வெள்ளிக் கரண்டியைத் தேய்த்துவிடுகிறதென்று சீமாட்டிகளுக்கு ஏற்கெனவே குறை. 1780க்குள் ஊரே மாறிவிட்டது. சனிக்கிழமைப் புகையும் போயிற்று. ஈயக் கரைசலில் நாள் முழுவதும் கையை விட்டுத் தோய்த்தெடுத்தவர்களுக்குக் கை விளங்காமல் போனது தனிக் கதை. அதைச் சொல்ல இன்னொரு கட்டுரை வேண்டும். உப்பு மெருகில் ஒரு குன்றிமணி ஈயம் கிடையாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உப்பு மெருகு செத்துவிடவில்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து இறங்கிவிட்டது, அவ்வளவுதான். லண்டனில் ஹென்றி டௌல்டன் 1846இல் இதே மெருகில் சாக்கடைக் குழாய் செய்ய ஆரம்பித்தார். அமிலத்துக்கும் அழுக்குக்கும் அசையாத குழாய். நம் பட்டணங்களிலும் தெருவைத் தோண்டினால் பழுப்பு நிறத்தில் பளபளக்கும் குழாய் அகப்படுமே, அது இந்த வம்சம்தான். மேல்நாட்டுக் கைவினைக் குயவர்கள் சிலர் இன்றும் சூளையில் உப்புப் போடுகிறார்கள். அமிலப் புகைக்குப் பயந்து சிலர் சமையல் சோடாவுக்கு மாறியிருக்கிறார்கள்.

அந்த மியூசியத்தில் நான் கடைசியாகப் பார்த்தது நீலக் கீறல் போட்ட ஒரு சின்னக் கிண்ணம். பக்கத்தில் சீட்டு: ஸ்டாஃபர்ட்ஷயர், சுமார் 1750 என்று. ஐந்து இதழ்ப் பூ, இரண்டு இலை, ஒரு சுருள் கொடி. நாலு இதழ் ஒரே அளவு. ஐந்தாவதை வரையும்போது கைமுனை சற்று வழுக்கி, கோடு இதழைத் தாண்டி வெளியே ஓடியிருக்கிறது. யாராவது கூப்பிட்டிருப்பார்கள், அல்லது இருமல் வந்திருக்கும். அந்த அதிகப்படிக் கோட்டிலும் நீலத்தைத் தேய்த்து, துடைத்து, அடுத்த கிண்ணத்தை எடுத்திருக்கிறாள்.